குக்கரில் பன்: அடி கரி, மேலே வெள்ளை. எங்கே தப்பு?

ஆனையூர் மருமகள்:
வீட்டில் ஓவன் கிடையாது. மகனுக்குப் பன் பட்டர் ஜாம் என்றால் உயிர். தினமும் டீக்கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, நாமே போடலாம் என்று இறங்கினேன். மூன்று ஞாயிறும் சொதப்பல்.

மைதா 250 கிராம், பால் 150 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 25 கிராம், அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு. 'கதகதப்பான இடத்தில் 2 மணி நேரம்' என்று வீடியோவில் சொன்னார்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தேன். மாவு பொங்கி வழிந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் குக்கரில் கல் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, மூடி போட்டு 30 நிமிடம் வைத்தேன்.

அடி தோசைக்கல் கறுப்பு. மேலே கொழுக்கட்டை நிறம். பிய்த்தால் கள் வாடை. மாமியார் ஒரு வாய் தின்றுவிட்டு, "இட்லியா ரொட்டியான்னு முடிவு பண்ணிட்டு அடுப்பப் பத்த வைம்மா" என்றார்.

பழைய பேக்கரிக்காரன்:
சித்திரை மாசம், மதுரை மொட்டை மாடி, 2 மணி நேரமா! அதுதாம்மா கள் வாடை. குளிர் ஊர்க் கணக்கு நமக்கு ஒத்துவராது. அடுக்களையிலேயே வைங்க, 40, 50 நிமிடத்தில் மாவு இரண்டு மடங்காகிவிடும். பாலைச் சுட வைக்காமல் ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே ஊற்றிப் பிசையுங்க. உருட்டி வைத்த பிறகு கடிகாரத்தைப் பார்க்காதீங்க, விரலால் லேசா அழுத்துங்க. குழி மெதுவா எழும்பிப் பாதியில் நின்றால் அடுப்புக்குத் தயார். எழும்பவே இல்லை என்றால் மீறிப் போச்சு.

வில்லாபுரம் அக்கா:
முதல்ல அந்தக் குக்கர் மூடியைத் தூரப் போடும்மா. அதில் சேஃப்டி வால்வு இருக்கு. தண்ணீர் இல்லாமல் சூடானால் உருகிப்போகும், அப்புறம் சோறு வைக்க மூடி உதவாது. அடி கனத்த பழைய அலுமினியச் சட்டியும் மூட ஒரு தட்டும் போதும். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

அடி கருகுவது உயரம் பத்தாததால். ஸ்டாண்டை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் வை. பன் வைக்கும் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு கொடு. 10 நிமிடம் சட்டியைக் காய வைத்து, பன் உள்ளே போனதும் தீயைக் குறைத்துவிடு. கல் உப்பு சூட்டில் படபடவென்று வெடிக்கும், தூள் உப்புப் போடு. நான் கடலை வறுக்கிற மணல்தான் போடுகிறேன், கழுவிக் காய வைத்தது.

பழைய பேக்கரிக்காரன்:
மணலோ உப்போ, இரண்டும் ஒன்றுதான் அக்கா. மேல் நிறத்துக்கு அது எதுவும் செய்யாது. ஓவனில் மேலேயிருந்தும் அனல் வரும், சட்டியில் கீழே மட்டும்தான். மூடியில் ஆவி கோத்துச் சொட்டினால் பன் அவிந்துதான் போகும், சிவக்காது. அதனால் 20 நிமிடம் ஆனதும் பக்கத்து அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லை நல்லாக் காய வைத்து, சட்டியை மூடின தட்டை எடுத்துவிட்டுச் சட்டி வாய் மேல் கல்லைக் கவிழ்த்துங்க. 7, 8 நிமிடம். பன்னுக்கும் கல்லுக்கும் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கணும். கையில் கனத்த துணி முக்கியம்.

ஆனையூர் மருமகள்:
இன்று போட்டேன். ஆறு பன். கள் வாடை போயே போச்சு, அடியும் தேன் நிறம். தோசைக்கல் வைத்த பிறகு மேலே சிவந்தது, ஆனால் ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் இன்னும் வெளுப்பு.

வில்லாபுரம் அக்கா:
கல் சின்னதா இருக்கும். அந்த இரண்டையும் பாதியாக வெட்டி, வெண்ணெய் தடவிக் கல்லில் கவிழ்த்து வாட்டிக் கொடு. பன் பட்டர் ஜாமுக்கு எப்படியும் வாட்டத்தானே போறே?

ஆனையூர் மருமகள்:
வாட்டினேன் அக்கா. அது இரண்டும் மாமியார் தட்டுக்குப் போய்விட்டது.