அம்மாவின் மெடி-கால்: அவசர சிகிச்சை மட்டும்தானாம்

இடம் வட கலிஃபோர்னியா. அம்மாவுக்கு 63 வயது, வருமானம் இல்லை. 2025 அக்டோபரில் கிரீன் கார்டு வந்தது. 2026 பிப்ரவரியில், குறைந்த வருமானத்தினருக்கான மாநில மருத்துவக் காப்பீடான மெடி-காலுக்கு விண்ணப்பித்தோம். அவசர சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் மட்டும் காப்பீடு என்று கடிதம் வந்திருக்கிறது. 63 வயதில் பிரசவம்! அவருக்கு வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள்.

குடியேற்ற ஆவணமற்ற பெரியவர்களுக்கு 2024 ஜனவரியில் முழுமையாகத் திறந்த மெடி-கால் கதவை 2026 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடினார்கள். அம்மாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

கார்டின் இருபக்க நகலை இணையத்தில் மறுபடி ஏற்றினேன். கவுண்டி (மாவட்ட) அலுவலகத்துக்கு நேரிலும் போனேன். "கணினி அப்படித்தான் காட்டுகிறது" என்கிறார்கள். முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேருக்கு 65 வயதாக வேண்டும், அதோடு ஐந்தாண்டு வசிப்பும் வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு 90 நாள் கெடு ஓடுகிறது. விசாரணைவரை போகாமல் கவுண்டியிலேயே இதைத் திருத்தவைத்தவர்கள் எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள்?