மரக்கறிப் பூவுக்கு ஐஸா? பீலித் தண்ணீர் போதாதா?

அப்புவின் பேரன் (நுவரெலியா)
நேற்று இரவு ஒரு சமையல் காணொளி பார்த்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஆராத்தித் தட்டுக்கும் ப்ரைட் ரைஸுக்கும் மரக்கறியில் பூச் செய்வது எப்படி என்று ஓர் அம்மா அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "மலைநாட்டில் இருப்பவர்கள் தண்ணீர் குளிர்கிறதே என்று ஏமாற வேண்டாம், ஐஸ் போடாமல் எந்தப் பூவும் விரியாது" என்று ஒரே போடு. என் தாத்தா தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் 31 வருடம் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். லீக்ஸில் செய்தார், ராபு என்கிற சிவப்பு முள்ளங்கியில் செய்தார், கரட்டில் செய்தார். பீலித் தண்ணீரில் போட்டார். விரிந்தது. எங்கள் பீலியில் விடியக்காலை கை வைத்தால் விரல் மரத்துப் போகும். இதற்கு மேல் எதற்கு ஐஸ்?

ஹட்டன் கார்விங் டீச்சர்
எந்த அம்மா என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். என்னிடம் படித்த பிள்ளை. சொன்னது சரிதான். ஐஸ் தண்ணீர் என்றால் ஐஸ் தண்ணீர்தான். பன்னிரண்டு வருடமாக வகுப்பு எடுக்கிறேன், விரல் மரத்துப் போவதைக் கணக்கு வைத்து யாரும் பூச் செய்து நான் பார்த்ததில்லை.

பேராதனைப் பொடியன்
ஒரு சின்னச் சந்தேகம். எந்தப் பூவைப் பற்றிப் பேசுகிறோம்? கரட்டில் நீளவாக்கில் ஐந்து பள்ளம் எடுத்து, குறுக்கே வட்டம் வட்டமாக நறுக்குகிறோமே, அந்தப் பூவுக்குத் தண்ணீரே வேண்டாம். அது விரியப் போவதும் இல்லை. விரிவது லீக்ஸ், வெங்காயத்தாள், ராபு போன்றவைதான். எது என்று முதலில் தெளிவாக்கினால்...

அப்புவின் பேரன் (நுவரெலியா)
தம்பி, பூ என்றால் பூதான். குழப்பாமல் விஷயத்துக்கு வாங்க. பீலித் தண்ணீர் போதுமா, போதாதா?

ஹட்டன் கார்விங் டீச்சர்
போதாது.

கொழும்புப் பையன்
பீலி என்றால் என்ன? பீலரைக் கழுவுகிற தண்ணீரா? பகிடி இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
கேட்டீர்களா கதையை! பீலரைக் கழுவுகிற தண்ணீராம்! மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் கொட்டவிட்டிருப்பார்களே, அதுதான் பீலி. குளிப்பது, குடிப்பது, உடுப்புத் துவைப்பது, ஊர் வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான். இது தெரியாதவர்கள் எல்லாம் வந்து ஐஸுக்கு ஓட்டுப் போடுவார்கள், பாருங்கள்.

கொழும்புப் பையன்
நான் இன்னும் யாருக்கும் ஓட்டே போடவில்லையே அண்ணே.

லீக்ஸ் ராணி (பண்டாரவளை)
இவர்கள் சண்டையைப் பார்த்துவிட்டு இன்றைக்கு இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். லீக்ஸின் வெள்ளைப் பகுதியில் மூன்று அங்குலம் வெட்டினேன். வேர்ப் பக்கம் அரை அங்குலம் விட்டு மிச்சத்தைக் கத்தி முனையால் கீறிக் கீறி இழையாக்கினேன். ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் போட்டேன், மற்றதை ஐஸில். கால் மணி நேரம் இரண்டும் விளக்குமாறு மாதிரி விறைத்துக்கொண்டே நின்றன. தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், குழாய்த் தண்ணீர் லீக்ஸின் வெளி இழைகள் முதுகை வளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன. ஐஸில் போட்டது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் இரவு பார்த்தபோது ஐஸில் கிடந்ததுதான் மொறுமொறு என்று நின்றது. குழாய்த் தண்ணீர்ப் பூ கொஞ்சம் தொய்ந்துவிட்டது.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
விரிந்ததா இல்லையா? விரிந்தது! அதுவும் முதலில்! நன்றி அக்கா. வழக்கு முடிந்தது.

ஹட்டன் கார்விங் டீச்சர்
தொய்ந்ததா இல்லையா? தொய்ந்தது! வாசித்தால் கடைசி வரிவரைக்கும் வாசிக்க வேண்டும். சடங்கு வீட்டில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று உங்கள் தாத்தா சொல்லித் தரவில்லையா?

அப்புவின் பேரன் (நுவரெலியா)
அது பண்டாரவளைத் தண்ணீர். பண்டாரவளையெல்லாம் ஒரு குளிரா? நுவரெலியா 1868 மீட்டர். பண்டாரவளை 1200 சொச்சம். எங்கள் பீலியில் போட்டிருந்தால் தொய்ந்தே இருக்காது.

லீக்ஸ் ராணி (பண்டாரவளை)
பாருங்கள், உதவி செய்ய வந்தவளுக்குக் கிடைத்த மரியாதையை. எங்கள் ஊர் குளிர் இல்லையென்றால் ஏன் விடுமுறைக்கு விடுமுறை எல்லாரும் இங்கே ஓடி வருகிறார்கள்?

கண்டி மாமி
நாங்களும் மலைநாடுதான். எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
மாமி, ஃபேனை நிறுத்திவிட்டு வந்து பேசுங்கள்.

பேராதனைப் பொடியன்
இழை ஏன் வளைகிறது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுங்கள். வெளித்தோல் மெழுகு பூசினதுபோல் இறுக்கமானது, அவ்வளவாக நீளாது. உள்பக்கத்துச் சதையில் இருக்கும் கலங்கள் தண்ணீரை இழுத்து உப்பும். உள்ளே உப்பி வெளியே உப்பாவிட்டால் இழை வெளிப்பக்கமாக வளையத்தான் வேண்டும். ராபுவும் அப்படித்தான், சிவப்புத் தோலைப் பின்னால் தள்ளிக்கொண்டு வெள்ளை விரியும். இது வெறும் தண்ணீரிலேயே நடக்கும். குளிரக் குளிரத் தண்ணீர் ஏறுவது மெதுவாகும். ஆனால் குளிரில் வெட்டின மரக்கறி சீக்கிரம் கெடாது, விறைப்பும் நிற்கும். ஆக, விரிவதற்குத் தண்ணீர், நிற்பதற்குக் குளிர்.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
"வெறும் தண்ணீரிலேயே நடக்கும்." கம்பஸ் படித்த தம்பியே சொல்லிவிட்டார்.

ஹட்டன் கார்விங் டீச்சர்
"நிற்பதற்குக் குளிர்." தம்பி என் பக்கம்.

பேராதனைப் பொடியன்
நான் யார் பக்கமும் இல்லை.

வெலிமடைக்காரி
நான் கரட் ரோஜாவுக்கு உப்புத் தண்ணீர்தான் வைப்பேன். பீலரால் நீளம் நீளமாகச் சீவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் துணி மாதிரி மடங்கும். அதைச் சுருட்டி ஈர்க்குக் குச்சி குத்தினால் ரோஜா. உப்புப் போடாமல் சுருட்டினால் படக்கென்று உடையும். பீட்ரூட்டை மட்டும் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். ஒன்றாகப் போட்டு ஒரு தடவை ராபுப் பூ அத்தனையும் சிவந்து, பிறந்தநாள் வீட்டில் என் மானம் போனது.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
உப்பா? பேச்சு ஐஸைப் பற்றி. எங்கள் பீலியில் உப்புக் கிடையாது.

கொட்டகலைப் பெரியவர்
நான் 70ஐத் தாண்டியவன். அந்தக் காலத்தில் பங்களாக்களுக்கு வயரிங் வேலைக்குப் போவேன். பேரனிடம் ஒரு கேள்வி. துரை பங்களாக் குசினியில் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் இருக்குமே, தாத்தா சொல்லவில்லையா? அடியில் நீலமாகச் சுடர் எரியும். கீழே நெருப்பு, மேலே ஐஸ், வேடிக்கையாக இருக்கும். அப்பு ராபுப் பூவை அந்த ஐஸில் போடவில்லை என்று உமக்கு எப்படித் தெரியும்?

ஹட்டன் கார்விங் டீச்சர்
ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
பெரியவர் என்பதால் மரியாதையாகச் சொல்கிறேன். அந்த ஐஸ் துரையின் விஸ்கிக்கு. அதில் ஒரு கட்டி குறைந்தாலும் துரை சத்தம் போடுவாராம். என் தாத்தா துரையின் ஐஸைத் திருடினார் என்கிறீர்களா? மூன்று தலைமுறைப் பெயரை இப்படிப் பொதுவில் இழுப்பதா?

கொட்டகலைப் பெரியவர்
திருடினார் என்று யார் சொன்னது? எடுத்தார் என்றுதான் சொன்னேன்.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
எடுத்தார் என்றும் நீங்கள் சொல்லவில்லை, தெரியுமா என்று கேட்டீர்கள். அதையும் இதையும் மாற்றாதீர்கள். பீலித் தண்ணீர். அவ்வளவுதான்.

தோட்டத்துப் பொண்ணு
ஐஸுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அன்றைக்கு ஐஸுக்கு எங்கே போனீர்கள்? எங்கள் லயத்தில் இன்றைக்கும் இரண்டு வீட்டில்தான் ஃப்ரிட்ஜ். அதற்காகச் சடங்கு நிற்குமா?

ஹட்டன் கார்விங் டீச்சர்
13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாளில் கரட்டில் பூச் செய்ய உங்களுக்கு மனது வந்ததா தங்கச்சி? 2024 ஜனவரியில் கரட் கிலோ 2000 ரூபாய்க்குப் போனபோது பூச் செய்தீர்களா? நான் அந்த மாதம் கோவா (முட்டைக்கோஸ்) இலையில் வகுப்பு எடுத்தேன்.

தோட்டத்துப் பொண்ணு
கரட்டை இங்கே விளைவிப்பது நாங்கள். 2000க்கு வாங்கியதும் நாங்கள்தான். அதைப் பற்றிப் பேசலாமே?

அப்புவின் பேரன் (நுவரெலியா)
பேசலாம், வேறு இடத்தில். தங்கச்சி சொன்னதில் முக்கியமானது ஐஸ் இல்லாமல் செய்தார்கள் என்பது. எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டி மாமி
இந்தக் கலையே தாய்லாந்துக்காரர்களுடையது. அரண்மனையில் வளர்ந்தது. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் தீர்ந்தது.

கொழும்புப் பையன்
ஜப்பானிலும் உண்டு மாமி, முக்கிமோனோ என்பார்கள்.

கொட்டகலைப் பெரியவர்
தென்னங்குருத்தில் கிளி பின்னித் தொங்கவிட்டவன் நம்மாள். அவனுக்குத் தாய்லாந்துக்காரன் வந்து வகுப்பு எடுக்கணுமா?

ஹட்டன் கார்விங் டீச்சர்
வகுப்பு என்றதும் நினைவு வருகிறது. போன வருடம் தக்காளி ரோஜா பற்றிய விவாதத்தில் என் வகுப்பைக் "காசு பிடுங்கும் கடை" என்று எழுதியவர் இதே பேரன்தான். நான் மறக்கவில்லை.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
நானும் மறக்கவில்லை. உங்கள் வகுப்பில் படித்தவர் என் மச்சினியின் கல்யாணத்துக்கு வைத்த அன்னப்பறவை, மாப்பிள்ளை வருவதற்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. ஐஸில் ஊறிய அன்னம்! ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

ஹட்டன் கார்விங் டீச்சர்
அதை மேசையில் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தது யார்? உங்கள் வீட்டு ஆட்கள். ஆவியில் யானைகூடக் கழுத்தைத் தொங்கப் போடும்.

லீக்ஸ் ராணி (பண்டாரவளை)
யானைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது டீச்சர்?

அப்புவின் பேரன் (நுவரெலியா)
இனி வாய்ப் பேச்சு வேண்டாம். ஆதாரம் தருகிறேன். காலையில் பீலித் தண்ணீர் பிடித்து, மகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவியை அதில் வைத்தேன். "லோ" என்று காட்டியது. கருவிக்கே அளக்க முடியாத குளிர்.

பேராதனைப் பொடியன்
அண்ணே, அது 32 பாகைக்குக் கீழே போனால் எதற்கும் லோ என்றுதான் காட்டும். கொழும்புக் குழாய்த் தண்ணீருக்கும் அதே லோதான்.

கொழும்புப் பையன்
வைத்துப் பார்த்தேன். லோ. அப்போது எங்கள் வீட்டிலும் பீலி இருக்கிறதா?

அப்புவின் பேரன் (நுவரெலியா)
சிரியுங்கள். ஜனவரியில் இங்கே புல்லில் உறைபனி விழும்போது வந்து சிரியுங்கள். இந்தாங்க, படம் போட்டிருக்கிறேன். நீலப் பேசின், பீலித் தண்ணீர், மூன்று லீக்ஸ் பூ, ஒரு ராபு. ஆறு மணி நேரம் ஆகிறது. ஓர் இழை தொய்ந்திருக்கிறதா?

தோட்டத்துப் பொண்ணு
நல்லா விரிந்திருக்கு அண்ணே. ராபு அழகு.

ஹட்டன் கார்விங் டீச்சர்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராபுவுக்கு இடப்பக்கம் கண்ணாடி மாதிரி ஏதோ மிதக்கிறதே, அது என்ன?

அப்புவின் பேரன் (நுவரெலியா)
ஜன்னல் வெளிச்சம்.

ஹட்டன் கார்விங் டீச்சர்
வெளிச்சத்துக்கு நான்கு மூலை இருக்குமா?

அப்புவின் பேரன் (நுவரெலியா)
ஜன்னலுக்கு நான்கு மூலைதானே!

கொட்டகலைப் பெரியவர்
அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜன்னல் பாதி கரைந்திருக்கிறதே, தம்பி.

அப்புவின் பேரன் (நுவரெலியா)
பேசினை என் மனைவி எடுத்து வைத்தாள். அவளிடம் கேட்டுவிட்டு வருகிறேன். ஆனால் தாத்தா போட்டது பீலித் தண்ணீர்தான்.