மறு: 'சென்சரி டூல்': 'புலனூன்றி' சரிவருமா?

நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'சென்சரி டூல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ஒருவர் கேட்டிருந்தார்:

> 'உணர்திறன் கருவி' என்றே போட்டுவிடலாமே?

போடலாம்தான். ஆனால் உணர்திறனை நாம் 'சென்சிட்டிவிட்டி'க்குக் கொடுத்து வெகுகாலம் ஆயிற்று. 'புலன் கருவி' என்றாலோ கண், காது, மூக்கு என்று போய்விடும். நாம் பெயர் தேடுவது வேறு பொருளுக்கு. வேலையில் மனம் உட்கார மறுக்கும்போது கையில் உருட்டும் ரப்பர் பந்து, மடியில் போட்டுக்கொள்ளும் கனமான துணி, காதில் ஓடும் ஒரே சீரான இரைச்சல். உடம்புக்குச் சின்ன வேலை கொடுத்து, மனத்தைப் பெரிய வேலையில் உட்காரவைக்கும் சாமான்கள். கண்ணையும் கருத்தையும் தன் பக்கமே இழுத்துக்கொண்டால் அது வெறும் பொம்மை; விளக்கக் குறிப்பில் இதைச் சேர்க்க வேண்டும்.

என் முன்மொழிவு 'புலனூன்றி'. 'ஊன்றிப் படி' என்கிறோம். நடக்கத் தடுமாறுகிறவர் கையில் இருப்பது ஊன்றுகோல். கவனம், தாங்கல் இரண்டும் ஒரே வினையில் கிடைக்கின்றன.

அடுத்தது 'ப்ராக்ராஸ்டினேஷன்'. பட்டியலில் உள்ள 'ஒத்திவைப்பு' எனக்கு ஒப்பவில்லை. கூட்டத்தை ஒத்திவைப்பது ஒரு முடிவு, அதில் தப்பில்லை. இதுவோ, தள்ளினால் நமக்குத்தான் கேடு என்று தெரிந்தே தள்ளுவது. குறள் 605இல் 'நெடுநீர்' இருக்கிறதே! விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு என்றுதான் பரிமேலழகரும் பொருள் சொல்கிறார். அதே குறளில் 'மடி' தனியாக நிற்கிறது, பாருங்கள்: சோம்பல் வேறு, இது வேறு. தண்ணீர் என்று யாரும் மயங்காதிருக்க 'நெடுநீர்மை' என்போம்.

அப்புறம், காதில் ஓடவிடும் 'பிரவுன் நாய்ஸ்' என்ற இரைச்சலுக்குப் பட்டியலில் உள்ள 'பழுப்பு இரைச்சல்' என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 'பிரவுன் நாய்ஸி'ல் இருப்பது நிறமல்ல, ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர். 1827இல் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் அலைவதைக் கண்டவர். அந்த அலைச்சலை ஒத்த ஒலி என்பதால் இந்தப் பெயர். இதையே 'ரெட் நாய்ஸ்' என்றும் சொல்வார்கள், ஆகவே 'செவ்விரைச்சல்'. அதிர்வெண் இரட்டிக்கும்தோறும் இதன் திறன் சுமார் 6 டெசிபெல் இறங்குகிறது. இளஞ்சிவப்பு இரைச்சலில் ('பிங்க் நாய்ஸ்') 3தான். கீச்சொலி அடங்கிப்போவதால் தூரத்து அருவி போலக் கேட்கும்.

*

அம்மா, வணக்கம்.

செவ்விரைச்சலுக்கு என் ஓட்டு. நெடுநீர்மை அகராதிக்குச் சரி. பேச்சில் 'தள்ளிப்போடல்'தான் நிற்கும், இரண்டையும் கொடுப்போம். 'புலனூன்றி'யில்தான் சிக்கல். 'அவர் புலனூன்றி எழுதினார்' என்றால் கருவியை வைத்துக்கொண்டு எழுதினாரா, மனத்தை வைத்து எழுதினாரா? வினையெச்சம் குறுக்கே நிற்கிறது. 'புலனூன்று' போதாதா? கையில் உருட்டும் 'ஃபிட்ஜெட்'டுக்கு 'நெருடி' என்று வைக்கலாம்.

*

சரி ஐயா, பிழை என்னுடையதுதான். 'உணரி' (சென்சர்), 'கணினி' வரிசையில் இகரத்தை ஒட்டிப் பழகிய கை. 'புலனூன்று' என்றே இருக்கட்டும்.

'நெருடி' முதலில் இடித்தது. நெருடல் என்றால் இன்று மன உறுத்தல்தானே? ஆனால் விரலிடையே வைத்துத் தேய்ப்பதும் நெருடுவதுதான், அதனால் ஏற்கிறேன். சுழலும் வகைக்குச் 'சுழலி' வேண்டாம், அதை டர்பைன்காரர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. 'சுழல்நெருடி' என்றால் நாக்கு புரளுமா, சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.