சர்ச்சைக்குள்ளான தலைவர் ஓவியங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வர்ஜீனியாவாசி:

ஒரு தலைவரின் அதிகாரபூர்வ ஓவியத்தைத் திறந்த மறுநிமிடமே, கைபேசியில் பார்த்துவிட்டு ‘ஆளே தெரியலையே’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதன் முன்னால் போய் நின்றவர்கள் இங்கே இருப்பீர்கள், சொல்லுங்கள். முதலில் என் பங்கு.

வாஷிங்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமா, அவர் மனைவி மிஷெல் இருவரின் ஓவியங்களும் 2018 பிப்ரவரி 12 அன்று திறக்கப்பட்டன. கெஹிண்டே வைலி வரைந்த ஒபாமா, சுவர் முழுக்கப் படர்ந்த பச்சை இலைகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏமி ஷெரல்ட் வரைந்த மிஷெலின் தோல் சாம்பல் நிறம். அன்றைக்கே கேலி ஆரம்பித்துவிட்டது. கார்ட்டூன் பாத்திரமான ஹோமர் சிம்ப்சன் புதருக்குள் மறையும் காட்சியை ஒபாமா படத்தோடு ஒட்டிச் சுற்றவிட்டார்கள். மிஷெல் படத்துக்கு வந்த குறை, முகச்சாயல் இல்லை என்பது.

அந்த வருஷம் ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுழைவுக் கட்டணம் கிடையாது என்றதும் உடனே கிளம்பிவிட்டார். ஒபாமா படத்தின் முன் நின்றவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, பூக்களைத்தான் பார்த்தார். “இது சாமந்தி மாப்பிள்ளை. அந்த வெள்ளை, மல்லி ஜாதி” என்றார். சாமந்தி ஒபாமாவின் சிகாகோவுக்கு, மல்லிகை பிறந்த ஊரான ஹவாய்க்கு, நீல ஆப்பிரிக்க லில்லி அப்பாவின் கென்யாவுக்கு என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டு, “உயிரோட இருக்கிற மனுஷனைச் சுத்தி இவ்வளவு பூவா?” என்றார். நம் ஊரில் படத்துக்குப் பூ என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சங்கடம் புரியும்.

மிஷெல் ஓவியத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. முதலில் மாட்டிய இடம் போதாமல், திறந்து சில வாரங்களிலேயே மூன்றாம் மாடியில் இன்னும் விசாலமான கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். வரிசையில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். பாட்டிகள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற உடையில் வந்திருந்தார்கள். மாமனார் அந்தச் சாம்பல் நிறத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “கறுப்பு வெள்ளை போட்டோவோட கலர் இது. தெரிஞ்சேதான் பண்ணியிருக்காங்க. சாயல் நூத்துக்கு அம்பதுதான், ஆனா கையைப் பாருங்க, அதுல தப்பே இல்லை.” ஷெரல்ட் தன் ஓவியங்களில் எல்லோருடைய தோலையும் இப்படிச் சாம்பலில்தான் வரைவார், மிஷெலுக்கென்று செய்ததல்ல. தெரிந்தே செய்தது என்பது மாமனாருக்கு யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிட்டது.

இறங்கும் வழியில் எலைன் டி கூனிங் வரைந்த அதிபர் கென்னடி படம். 1963-இல் வரைந்தது. பச்சையும் மஞ்சளும் அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும், ஒபாமா படத்தைவிடப் பத்து மடங்கு துணிச்சல். “இதுக்கு யாரும் சண்டை போடலையா?” என்று கேட்டார்.

லண்டன்காரன்:

மூன்றாம் சார்லஸ் மன்னரின் சிவப்பு ஓவியத்தைப் பார்த்தேன். ஜோனதன் யோ வரைந்தது. 2024 மே மாதம் பக்கிங்ஹாம் அரண்மனையில் திறந்த பிறகு, சில வாரங்கள் ஒரு தனியார் கேலரியில் இலவசமாக வைத்திருந்தார்கள். மன்னர் நரகத்தில் நிற்கிறார், ரத்தத்தில் குளிக்கிறார் என்றெல்லாம் இணையத்தில் எழுதினார்கள். அது வெல்ஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் சிவப்புச் சீருடை. அந்த நிறமே பின்னணி முழுக்கப் பரவியிருக்கிறது. எட்டரை அடி உயரப் படம். கிட்டத்தில் போனால் முகம் மட்டும் சாதாரணமாக, வயசான, களைத்த மனிதரின் முகமாக இருக்கிறது. எனக்கு முகம் பிடித்தது, சிவப்பு பிடிக்கவில்லை. தோளருகே இருக்கும் பட்டாம்பூச்சி இளவரசர் மன்னராக மாறியதற்கான குறியீடாம். தேவையே இல்லை.

சர்ச்சில் படத்தைத்தான் பார்க்க ஆசை, ஆனால் வழியில்லை. 80-வது பிறந்தநாளுக்காக நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து கிரஹாம் சதர்லாண்டை வரையச் சொல்லி 1954-இல் கொடுத்த பரிசு. மேடையிலேயே “நவீன ஓவியத்துக்கு ஒரு குறிப்பிடத்தக்க உதாரணம்” என்று சர்ச்சில் சொல்ல, சபை சிரித்தது. பிற்பாடு அவர் மனைவிக்காக அதை ரகசியமாக எரித்துவிட்டார்கள். சதர்லாண்ட் போட்ட ஸ்கெட்ச்கள் சில லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியிடம் இருக்கின்றன.

சென்னையிலிருந்து ஒரு வரி:

வர்ஜீனியா அண்ணா, அதே 2018 பிப்ரவரி 12 அன்றுதான் இங்கே சட்டமன்றத்தில் ஜெயலலிதா படத்தைத் திறந்தார்கள். எதிர்க்கட்சியான திமுக புறக்கணித்தது. 2021-இல் கலைஞர் படத்தைக் குடியரசுத் தலைவர் திறந்தபோது அதிமுக வரவில்லை. வரைந்த விதம் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை, சண்டை எல்லாம் படத்தை வைக்கலாமா, விழாவுக்கு வருவதா வேண்டாமா என்பதில்தான்.

டென்வர் அக்கா:

எங்கள் ஊர் கதை நேர்மாறு. பொதுமக்கள் யாரும் சண்டை போடவில்லை, படத்தில் இருப்பவரே போட்டார்.

கொலராடோ மாநில சட்டமன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அமெரிக்க அதிபர்களின் ஓவியங்கள் வரிசையாக இருக்கும். விருந்தாளிகள் யார் வந்தாலும் தங்கக் கூரை பார்க்க அங்கே அழைத்துப் போவேன், அதனால் ட்ரம்ப் படம் எனக்கு நல்ல பழக்கம். அவர் இடம் முதலில் காலியாகக் கிடந்தது. 2018 ஜூலையில் யாரோ குறும்பாக ரஷ்ய அதிபர் புடின் படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அப்புறம் ட்ரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்கள் இணையத்தில் பத்தாயிரம் டாலருக்கு மேல் வசூல் செய்து, சாரா போர்ட்மேனை வரைய வைத்து, 2019-இல் மாட்டினார்கள். கன்னம் கொஞ்சம் உப்பல், பார்வை சாது. முறைக்காத, யோசனையான முகம் வேண்டும் என்றே அவர் வரைந்ததாகச் செய்தி. என் வீட்டு விருந்தாளிகள் ஒருவர்கூட அதன் முன் நின்றதில்லை.

2025 மார்ச்சில், அந்தப் படம் வேண்டுமென்றே தன்னைக் கோரமாக்குகிறது, ஒபாமாவை மட்டும் அழகாக வரைந்திருக்கிறார் என்று ட்ரம்ப் எழுதினார். ஒபாமாவையும் இதே போர்ட்மேன்தான் வரைந்தார். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் போனேன். செல்ஃபி எடுக்கக் கூட்டம் முண்டியடிக்கிறது! ட்ரம்ப் ஆதரவாளர்கள் போடும் சிவப்புத் தொப்பியோடு வந்த ஒருவர் என்னைப் படம் எடுத்துத் தரச் சொன்னார், எடுத்துக் கொடுத்துவிட்டு “உங்களுக்கு எப்படித் தோணுது?” என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்கு, ஆனா அவருக்குப் பிடிக்கலையே” என்றார். அந்த வாரமே இறக்கிவிட்டார்கள்.

வர்ஜீனியாவாசி:

அக்கா, இப்போது அங்கே என்ன இருக்கிறது?

டென்வர் அக்கா:

வெள்ளை மாளிகை வேறொரு ஓவியரின் படத்தை அனுப்பியது, 2025 கோடையில் மாட்டினார்கள். சாயல் கச்சிதம், வரைந்தவரின் கைதான் தெரியவில்லை. ஆளைப் பிடிக்காத எனக்கும் பழையதே மேல்.

லண்டன்காரன்:

அந்தப் பத்தாயிரம் டாலருக்குக் காசு போட்டவர்கள் எல்லாம் அவருடைய ஆதரவாளர்கள்தானே? இறக்கும்போது அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?