அப்பாவுக்கு பிரவுசர் சொல்லிக்கொடுக்க எதில் தொடங்குவது?

பொதிகைமகள்:

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. தென்காசிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்திருக்கிறார், அதனால் கீபோர்டைக் கண்டு பயமே கிடையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். பேப்பர் படிக்க வேண்டும், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும், நிலத்தின் பட்டாவைப் பார்க்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் தேவை.

சிக்கல் என்னவென்றால் அவருக்கு எல்லாமே கூகுள்தான். குரோமும் கூகுள், தேடும் பக்கமும் கூகுள், இன்டர்நெட்டும் கூகுள். "கூகுள் வேலை செய்யலம்மா" என்று போன் வரும், விசாரித்தால் வைஃபை அணைந்திருக்கும். எதைத் தேடினாலும் முதலில் வருவதை அமுக்கிவிடுவார். போன மாதம் ஒரு பார்சல் வரவில்லை என்று கூரியர் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி, மேலே வந்த எண்ணுக்கே பேசிவிட்டார். எடுத்தவன் ஐந்து ரூபாய் கட்டுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள் என்று ஆரம்பித்து ஓடிபி வரைக்கும் போயிருக்கிறான். அந்த இடத்தில் அப்பா சந்தேகப்பட்டு போனை வைத்துவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து லேப்டாப்பைத் திறக்கவே தயங்குகிறார், எனக்கு அதுதான் வருத்தம்.

நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். "மேலே இடது பக்கம் இரண்டாவது படத்தை அமுக்கவும்" என்கிற மாதிரி. ஒரு அப்டேட் வந்து அந்தப் படம் இடம் மாறினால் நோட்டு உதவாமல் போகிறது. நான் இருப்பது சென்னையில், மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எதில் தொடங்கினீர்கள்?

மாலைவகுப்பு:

நோட்டில் எழுதும் பழக்கத்தை நிறுத்திவிடாதீர்கள், எதை எழுதுகிறார் என்பதை மட்டும் மாற்றுங்கள். நான் எங்கள் ஊர் நூலகத்தில் மூன்று வருடமாகச் சாயங்கால நேரத்தில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன். முதல் நாள் முழுக்க ஒரே ஒரு பாடம்தான், மேலே இருக்கும் அந்த நீளப் பட்டை. முகவரிப் பட்டை. அது பிடிபடாமல் வேறு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் மறுவாரம் மறந்துவிடுகிறது.

நான் இப்படிச் சொல்வேன்: பிரவுசர் என்பது நீங்கள் ஏறிய பஸ், கூகுள் என்பது பஸ் ஸ்டாண்டில் வழி சொல்லும் ஆள், முகவரிப் பட்டை நீங்கள் இறங்கிய ஊரின் பெயர்ப்பலகை. பலகையைப் படித்துவிட்டுத்தான் இறங்கி நடக்க வேண்டும்.

அப்பாவுக்குக் குழப்பம் வந்ததில் அவர் தப்பு ஒன்றுமே இல்லை, அதையும் அவரிடம் சொல்லுங்கள். முன்பெல்லாம் ஃபயர்ஃபாக்ஸில் முகவரிக்கு ஒரு பெட்டி, தேடுவதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு பெட்டி என்று இருக்கும். 2008 இல் குரோம் வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். முகவரி அடித்தால் நேராகத் தளத்துக்குப் போகும், புள்ளியே இல்லாமல் அடித்தால் அதே பெட்டி தேடலாக மாறி வேறு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். புதிதாகக் கற்பவருக்கு இது எப்படி விளங்கும்? எங்கள் வகுப்பில் வேண்டுமென்றே இரண்டு மாதிரியும் அடிக்கச் சொல்வேன். புள்ளியோடு ஒரு தடவை, புள்ளி இல்லாமல் ஒரு தடவை. இரண்டு விதமாகத் திரை வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் மறப்பதில்லை.

அடுத்தது முகவரியைப் படிக்கும் முறை. முதலில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே விரலை வைத்துப் பின்பக்கமாகப் படிக்க வேண்டும். பட்டா பார்க்கும் தளம் "இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்". கடைசியில் இருக்கும் "கவ் டாட் இன்" அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும், தனியார் யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் "கவ்", "டிஎன்", "பட்டா" எல்லாவற்றையும் முன்னால் போட்டுக்கொண்டு கடைசியில் "டாட் காம்" என்று முடியும் ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். திருநெல்வேலி அல்வா என்று போர்டு மாட்டிய கடை தாம்பரத்தில் இருப்பதில்லையா, அது போலத்தான். போர்டில் ஊர் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கடை அந்த ஊரில் இருக்கிறது என்று ஆகிவிடாது. இப்படிச் சொன்னபோது வகுப்பில் ஒரு அம்மா "அப்ப கடைசி வார்த்தைதான் சொந்த ஊரு" என்றார். அன்றிலிருந்து நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆகவே நோட்டில் படங்களின் இடத்தை எழுத வேண்டாம், முகவரிகளை எழுதச் சொல்லுங்கள். படம் இடம் மாறும், அரசுத் தளத்தின் முகவரி அத்தனை சீக்கிரம் மாறாது.

இசேவைமேசை:

மேலே சொன்னது சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் முகவரியை அடிக்க வைக்காதீர்கள், ஒரு எழுத்து தவறினால் போலித் தளத்தில் போய் நிற்கவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மூன்று நான்கு தளங்களைத் திறந்து, பட்டையின் வலது ஓரத்தில் இருக்கும் நட்சத்திரத்தை அமுக்கி புக்மார்க் செய்துவிடுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பெயர்கள் எப்போதும் பட்டைக்குக் கீழேயே வரிசையாக நிற்கும். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்: ரயில், பட்டா, பேப்பர். அப்பா தேட வேண்டிய தேவையே முக்கால்வாசி குறைந்துவிடும்.

நான் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து வேலை செய்பவன். தினமும் பார்ப்பதால் சொல்கிறேன், கஸ்டமர் கேர் எண்ணை எக்காரணம் கொண்டும் தேடி எடுக்கக் கூடாது. பில்லில் இருக்கும், பார்சல் கவரில் இருக்கும், இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும். தேடலில் மேலே வருவது பல நேரம் விளம்பரம், "ஸ்பான்சர்டு" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பெரியவர்கள் கண்ணுக்கு அது படுவதில்லை. ஓடிபி கேட்டதும் போனை வைத்தாரே, அதற்கு அப்பாவைக் கண்டிப்பாகப் பாராட்டுங்கள். படித்தவர்களே அந்த இடத்தில் ஏமாந்து அழுதுகொண்டு வருகிறார்கள். ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி புகார் எண்ணான 1930 க்கு அடிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறக்கச் சொல்லுங்கள். நாம் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு, எதிரில் இருப்பவன் நல்லவன் என்பதற்கு இல்லை. போலித் தளங்களுக்கும் பூட்டு கிடைக்கிறது. இந்தக் குழப்பத்தால்தான் குரோமில் 2023 இல் அந்தப் படத்தையே மாற்றினார்கள்.

கயல்விழி_க:

என் அம்மாவிடம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். செய்திப் பக்கத்தில் எதையோ அமுக்குவார், அது புது டேபில், அதாவது அதே பிரவுசருக்குள் இன்னொரு தாளாக, திறக்கும். திரும்பிப் போக இடது மேல் அம்புக்குறியை அமுக்குவார், அது மங்கலாக அசையாமல் இருக்கும். புது டேபில் பின்னால் போக எதுவுமே இல்லை, அதனால்தான். அம்மாவோ தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து லேப்டாப்பையே மூடிவிடுவார். இது புரிய எனக்கே இரண்டு வாரம் ஆனது, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்பு மங்கலாக இருந்தால் மேலே டேப் வரிசையைப் பார், பழைய பக்கம் அங்கே இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். தவறி மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி. மூடிய டேப் திரும்பி வந்துவிடும். இந்த ஒன்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது.

எழுத்து சின்னதாக இருந்தால் கன்ட்ரோலோடு பிளஸ், அதுவே பெரிதாகும்.

பொதிகைமகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு மணி நேரம் போனில் உட்கார்ந்தோம். புள்ளி வைத்தும் வைக்காமலும் அடிக்கச் சொன்னேன், அப்பா இரண்டு தடவை செய்துவிட்டு மூன்றாவது தடவை தானாகவே செய்து பார்த்தார். பட்டா தளத்தின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக எனக்குப் படித்துக் காட்டி, "கவ் டாட் இன்ல முடியுதும்மா, போகட்டுமா?" என்று கேட்டார். பழைய தைரியம் குரலில் தெரிந்தது.

இரண்டு சந்தேகம். திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று அடிக்கடி ஒரு பெட்டி எழும்புகிறதாம், பிரவுசரில் அவர் எந்தத் தளத்தையும் திறக்காதபோதும் வருகிறது. அப்புறம், அவருக்குத் தமிழில் அடித்துத் தேட ஆசை. பழைய டைப்ரைட்டர் முறைதான் கைக்குப் பழக்கம்.

மாலைவகுப்பு:

அந்தப் பெட்டி பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் "அறிவிப்புகளை அனுப்பலாமா" என்று கேட்டபோது "அலவ்" கொடுத்திருப்பார், அந்தத் தளம் அனுப்பும் விளம்பரம்தான் இப்படி வருகிறது. குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதித்த தளங்களின் பட்டியல் இருக்கும், தெரியாத பெயர்களை எடுத்துவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள். நீங்கள் போகும் வரை அந்தப் பெட்டிக்குள் எதையும் அமுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

டைப்ரைட்டர் முறைக்கு என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ் தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொடுங்கள், பழைய டைப்ரைட்டர் அமைப்பு அதில் இருக்கிறது, எல்லாத் தளங்களும் புரிந்துகொள்ளும் யூனிகோடு எழுத்தில் வருவதால் முகவரிப் பட்டையிலேயே தமிழில் அடித்துத் தேடலாம். ஹையர் முடித்தவர், வேகத்தில் நம்மையெல்லாம் முந்திவிடுவார். தளத்தின் முகவரி அடிக்கும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும் விசையை நோட்டில் எழுதி, கீபோர்டிலும் அந்த விசைமேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வாருங்கள்.