ஹெட்செட்ல கத்துனவரு ஹெட்செட் மாட்டுன கதை: ஜான் மெக்கன்ரோ உங்களுக்கு எப்படி அறிமுகம்?

கோட்டு மேல பந்து:
எனக்கு மெக்கன்ரோ டென்னிஸ் பிளேயரா அறிமுகமாகல, டிவி கமென்ட்ரி குரலாத்தான் அறிமுகம். 2008 விம்பிள்டன் ஃபைனல், ஃபெடரர் நடால், அப்ப வேலை விஷயமா அமெரிக்காவுல இருந்தேன், ரூம்ல நாலு பேர் சேர்ந்து என்பிசி டிவில பாத்துட்டு இருந்தோம். மழை வந்து ரெண்டு தடவ நிறுத்தி, மறுபடி ஆரம்பிச்சு, கடைசியில இருட்டிப்போற நேரத்துல அஞ்சாவது செட் 9-7னு முடிஞ்சுது. எனக்கு டென்னிஸ்னா அப்ப ஸ்கோர் எண்ணத் தெரியும், அவ்வளவுதான். ஆனா ஒரு கரகர குரல், நியூயார்க் வாடை, பெரிய தத்துவம் எதுவும் பேசாம பக்கத்துல உக்காந்து பாக்கற ஆள் மாதிரி பேசிட்டே இருந்துது. மேட்ச் முடிஞ்சதும் அதே ஆள் தோத்துப்போன ஃபெடரர்கிட்ட மைக்கோட நிக்கறாரு, ஃபெடரருக்கு கண்ணு கலங்குது, இவரு அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

யாருடா இந்த நரைச்ச தல ஆளுன்னு கேட்டேன். ரூம்மேட் சிரிச்சுட்டு, "இவரா? உலகத்துலயே அதிகமா அம்பயர்கிட்ட சண்டை போட்ட ஆளு"ன்னான். நம்ப முடியல.

அப்புறம்தான் தேடித் தேடிப் பாத்தேன். 1980 விம்பிள்டன் ஃபைனல், சுவீடன்காரர் போர்க் கூட. நாலாவது செட் 6-6னு சமமாகி, அத முடிவு பண்ற டைபிரேக்ல மட்டும் அஞ்சு மேட்ச் பாயின்ட் (அந்த ஒரு பாயின்ட் போனா மேட்ச்சே போச்சு) காப்பாத்தி 18-16னு ஜெயிக்கறாரு, 34 பாயின்ட் ஒரு டைபிரேக்! ஆனா அஞ்சாவது செட் 8-6, போர்க் கைக்குப் போயிடுச்சு. உள்ள வரும்போது கூட்டம் கூச்சல் போட்டுச்சு, தோத்துட்டு நிக்கும்போது அதே கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. இப்ப 2008ஐ பக்கத்துல வச்சுப் பாருங்க. நடாலும் நாலாவது செட் டைபிரேக்ல மேட்ச் பாயின்ட் கைவிட்டுட்டு அஞ்சாவதுல ஜெயிச்சாரு. அப்படி ஒரு டைபிரேக்க ஜெயிச்சும் கோப்பைய விட்டவன் மனசு எப்படி இருக்கும்னு அந்த மைக்க புடிச்சிருந்த ஆளுக்கு நல்லாவே தெரியும். அந்த கட்டிப்புடி சும்மா டிவிக்காக இல்லன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

அதவிட ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இத எழுதவே ஆரம்பிச்சேன். 1984 ஃப்ரெஞ்ச் ஓபன் ஃபைனல். லெண்டில் கூட ரெண்டு செட் முன்னால இருக்காரு. கோர்ட் ஓரத்துல ஒரு டிவி கேமராமேன், அவரோட ஹெட்செட்ல யாரோ பேசற சத்தம் லேசா கசியுது. நம்மாளு நேரா போய் அந்த ஹெட்செட்ட புடிச்சு அதுக்குள்ள கத்தறாரு. அதுக்கப்புறம் கவனம் போச்சு, மூணாவது செட் போச்சு, கடைசி ரெண்டு செட்டும் 7-5, 7-5. ஃப்ரெஞ்ச் ஓபன் சிங்கிள்ஸ் அவருக்கு கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. அப்படிப்பட்ட ஆளு அப்புறம் வருஷக்கணக்கா அதே மாதிரி ஹெட்செட்ட தலையில மாட்டிக்கிட்டு சம்பளம் வாங்கறாரு பாருங்க. உங்களுக்கு எப்படி அறிமுகம், சொல்லுங்க.

இடதுகை ஆட்டம்:
தம்பி, எனக்கு நேர் தலைகீழ். நான் இடது கை, சின்ன வயசுல கிளப்ல ஆடிட்டு இருந்தப்ப கோச் ஒரு வீடியோ கேசட் போட்டுக் காட்டுனாரு, "இவன் சர்வீஸ பாரு, ஆனா வாயப் பாக்காத"ன்னாரு. அந்த நிக்கற விதமே வேற, பின்கோட்டுக்கு (பேஸ்லைன்) இணையா ரெண்டு காலும் வச்சு, கிட்டத்தட்ட எதிராளிக்கு முதுகக் காட்டி நின்னு, அப்படியே சுழண்டு பந்து பக்கவாட்டுல சுத்தற மாதிரி ஒரு ஸ்லைஸ். இடது பக்க கோர்ட்ல இருந்து அடிச்சா பந்து வெளிய வெளிய வளைஞ்சு போய் எதிராளிய ஓரத்து ஆடியன்ஸ் மடியில தள்ளிடும், அதுக்குள்ள இவரு நெட்டுக்கு வந்து பந்து தரையில படறதுக்கு முன்னாடியே காலி இடத்துல மெதுவா ஒரு வாலி வச்சுட்டு திரும்பி நடப்பாரு. பலம் இல்ல, கை. 1981ல போர்க்க ஜெயிச்சு விம்பிள்டன் வாங்குனது மர ராக்கெட்ல. நான் அந்த நிலைய காப்பியடிச்சு ஆறு மாசம் இடுப்பு வலியோட திரிஞ்சேன், சர்வீஸ் மட்டும் வரல.

டபுள்ஸ யாரும் பேச மாட்டேங்கறீங்க. சிங்கிள்ஸ் 77 டைட்டில், டபுள்ஸ் 78! பீட்டர் ஃப்ளெமிங்கும் இவரும் சேர்ந்து விம்பிள்டன் 4, யுஎஸ் ஓபன் 3. அந்த ஃப்ளெமிங்கும் அப்புறம் கமென்ட்ரிக்கு வந்துட்டாரு. 1977ல இவரோட ஃப்ரெஞ்ச் ஓபன் மிக்ஸ்ட் டபுள்ஸ் ஜெயிச்ச மேரி கரில்லோ, இவரு வளந்த அதே நியூயார்க் டக்ளஸ்டன் பகுதில வளந்தவங்க, அவங்க இவருக்கு ரொம்ப முன்னாடியே மைக் புடிச்சுட்டாங்க. கூட ஆடுனவங்க எல்லாம் பேச வந்துட்டாங்க, இவருகூட ஆடும்போது பேச சான்ஸ் கிடைச்சிருக்காதோ என்னமோ.

நெட்டுக்குப் பின்னால:
1984ன்னு சொன்னதும் ஓடி வந்தேன். அந்த வருஷம் அவரு கணக்கு 82 வெற்றி, 3 தோல்வி. அந்த மூணுல ஒண்ணு லெண்டில், ஒண்ணு நாடுகளுக்கு இடையில நடக்கற டேவிஸ் கப் ஃபைனல்ல சுவீடன்காரர் சுண்ட்ஸ்ட்ரோம். மூணாவது யாரு? நம்ம விஜய் அமிர்தராஜ்! அமெரிக்காவுல சின்சினாட்டி டோர்னமென்ட்ல, முதல் ரவுண்ட்ல. எங்க அப்பா இத சொல்லும்போது அவரே போய் ஜெயிச்ச மாதிரி சொல்லுவாரு. எனக்கு அமிர்தராஜ டிவில கமென்ட்ரி பேசறவராத்தான் தெரியும், அந்த ஆழமான குரல், நிதானம். அப்பா சொல்லித்தான் ரெண்டு கமென்டேட்டரும் ஒருத்தர ஒருத்தர் ஆடித் தள்ளுனவங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் மெக்கன்ரோ பேசும்போதெல்லாம் மனசுக்குள்ள "ஆனா சின்சினாட்டி?"ன்னு ஒரு கேள்வி வந்துட்டே இருக்கும் 😄

பின்கோர்ட் வாசி:
எல்லாரும் ரொம்ப உருகறீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன். மைக் கைல வந்ததால மனுஷன் மாறிடல. 2017ல ஒரு ரேடியோ பேட்டில செரீனா வில்லியம்ஸ் ஆம்பளைங்க டூர்ல ஆடுனா 700வது இடத்துல இருப்பாங்கன்னாரு, யாரும் கேக்காத கணக்கு அது. 2021 விம்பிள்டன்ல எம்மா ராடுகானு, 18 வயசு, மூச்சு விட சிரமப்பட்டு பாதியில வெளிய போனாங்க, இவரு பிபிசில உக்காந்து அந்தப் பொண்ணால அழுத்தத்த தாங்க முடியலபோலன்ற மாதிரி பேசுனாரு. நான் அத லைவ்ல கேட்டேன், டிவிய ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டே மாசத்துல அந்தப் பொண்ணு குவாலிஃபையரா, அதாவது தகுதிச் சுற்று ஆடி உள்ள வந்து யுஎஸ் ஓபனே ஜெயிச்சுடுச்சு. தானும் 18 வயசுல 1977ல குவாலிஃபையரா வந்து விம்பிள்டன் செமி வரைக்கும் போன ஆளு, இவருக்கு இல்ல முதல்ல புரிஞ்சிருக்கணும்?

கோட்டு மேல பந்து:
@பின்கோர்ட் வாசி ஒத்துக்கறேன். யோசிக்காம பேசறதுதான் அவரோட பலம், அதேதான் வம்பும். ஆட்டத்தப் பத்தி பேசும்போது அது நல்லா இருக்கு, ஆள் மனசப் பத்தி பேசும்போது அடிவாங்குது.

ஈரப்புல்:
நான் லண்டன்ல சில வருஷம் இருந்தேன். டிசம்பர்ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல பழைய பிளேயர்ஸ் ஆடற டோர்னமென்ட் நடக்கும், ஒரு தடவ டிக்கெட் வாங்கிப் போனேன், மேல் வரிசை, மெக்கன்ரோ கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிஞ்சாரு. ஒரு பந்து கோட்டுகிட்ட விழுந்துது, அவுட்னாங்க. இவரு இடுப்புல கை வச்சு அப்படியே நின்னாரு, ஒரு வார்த்தை பேசல. மொத்த ஹாலும் சிரிக்க ஆரம்பிச்சுடுச்சு, பின்னாடி யாரோ "சொல்லு ஜான்!"னு கத்துனாங்க. அவரோட பேர்போன "யூ கேனாட் பி சீரியஸ்"தான் கேக்கறாங்க. 1981ல அத சொன்ன மேட்ச்ல பண்ணுன ரகளைக்கு அபராதம் போட்டாங்க, சாம்பியனானா வழக்கமா தர்ற கௌரவ மெம்பர்ஷிப்ப அந்த வருஷம் விம்பிள்டன் கிளப் தரல. இப்ப அதே வார்த்தைய கேக்க ஜனங்க காசு கொடுத்து வந்து உக்காந்திருக்காங்க. எனக்கு சிரிப்பு வந்துது, கூடவே கொஞ்சம் பாவமாவும் இருந்துது, அந்த ஆளு நிம்மதியா ஒரு பாயின்ட் ஆட முடியாது போல.

பிபிசில அவரு பேச வந்தது இன்னொரு ஆச்சரியம். அங்க பழைய கமென்டேட்டர் டான் மாஸ்கெல் காலத்துல இருந்து கமென்ட்ரின்னா வாய மூடிட்டு இருக்கறதுதான், நல்ல ஷாட்டுக்கு ஒரு சின்ன வியப்பு, அவ்வளவுதான். அந்த கோயில்ல போய் இவரு மணியடிச்ச மாதிரி பேசுனாரு, ஜனங்களும் ஏத்துக்கிட்டாங்க.

ஸ்லைஸ் சர்வ்:
இன்னும் ஒண்ணு விட்டுட்டீங்க. 1990 ஆஸ்திரேலியன் ஓபன், நாலாவது ரவுண்ட், பெர்ன்ஃபோர்ஸ் கூட ஆடும்போது டிஸ்குவாலிஃபை. அதுவரைக்கும் நாலு படி தண்டனை, அந்த சீசன்ல மூணா குறைச்சுட்டாங்க: வார்னிங், ஒரு பாயின்ட் இழப்பு, அப்புறம் நேரா வெளிய. இவருக்கு அது தெரியல, இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குன்னு நெனச்சு திட்டிட்டாரு. இப்ப கமென்ட்ரில அவரு ரூல் விளக்கம் சொல்லும்போதெல்லாம் நான் ரூல் புக்க ஒரு தடவ செக் பண்ணிக்குவேன்.

கீச்சுக்குரல்:
எனக்கு இவரு டென்னிஸ்காரர்னே தெரியாது, உண்மையா. 2020ல நெட்ஃபிளிக்ஸ்ல அமெரிக்காவுல வளர்ற தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு கதை வந்துச்சில்ல, அதுல அந்தப் பொண்ணு மனசுல ஓடறதெல்லாம் ஒரு வயசான வெள்ளக்காரர் குரல்ல வரும். ஏன் இந்த ஆளுன்னு குழம்பிட்டே பாத்தேன். அந்தப் பொண்ணுக்கும் பொசுக்குன்னு கோவம் வரும், யோசிக்காம பேசிட்டு அப்புறம் முழிக்கும். அவரு பழைய மேட்ச் பாத்தப்புறம் சரியான குரலத்தான் புடிச்சிருக்காங்கன்னு தோணுச்சு.

கோட்டு மேல பந்து:
எல்லாருக்கும் நன்றி. நேத்து என் பொண்ணுக்கு அந்த 1981 கிளிப்ப காட்டுனேன், டாம் கல்லிக்சன் கூட முதல் ரவுண்ட், "யூ கேனாட் பி சீரியஸ்", பந்து கோட்டு மேல பட்டு சுண்ணாம்பு பறந்துச்சுன்னு அம்பயர்கிட்ட கத்தறது. ஒன்பது வயசு. பாத்துட்டு, "ஏம்பா இப்படி கத்தறாரு, சேலஞ்ச் கேக்க வேண்டியதுதானே?"ன்னா. சேலஞ்ச் கேட்டா கேமரா வச்சு சரிபாக்கற ஹாக்-ஐ எல்லாம் பெரிய நாலு டோர்னமென்ட்ல முதல்ல 2006 யுஎஸ் ஓபன்லதான் வந்துச்சு, விம்பிள்டனுக்கு 2007, 2025ல இருந்து அங்க லைன்ல நிக்கறதுக்கு ஆளே கிடையாது மிஷின்தான்னு விளக்கி முடிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி, பந்து உள்ளயா வெளியயா?"ன்னு கேட்டா. பத்து தடவ நிறுத்தி நிறுத்திப் பாத்தாச்சு, அந்தப் பிக்சர்ல ஒண்ணும் புடிபடல. யார்கிட்டயாவது நல்ல பிரிண்ட் இருந்தா லிங்க் போடுங்க, வீட்ல பதில் சொல்லணும்.