கித்தோன் என்பது உள்ளே போடுவதா, மேலே போடுவதா?

கேட்டவர்: மாலைநேர மாணவி

வணக்கம். ஆறு மாதமாகப் புதிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு கிரேக்கம் கற்று வருகிறேன். ஒரு கையில் கிரேக்கம், மறுகையில் எங்கள் வீட்டுப் பழைய பைபிள். இப்போது கித்தோன் என்ற உடைப் பெயரில் மாட்டிக்கொண்டேன்.

யோவான் 19:23-இல் தையல் இல்லாமல் நெய்த உடை வருகிறதே, அது கித்தோன், தமிழில் அங்கி. லூக்கா 3:11-இல் இரண்டு வைத்திருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்ற இடத்திலும் கித்தோன், அங்கி. ஆனால் மத்தேயு 5:40-இல் கித்தோன் வஸ்திரம் ஆகிவிட்டது. ஹிமாத்தியோன் என்ற இன்னொரு சொல் அங்கி ஆகிவிட்டது. அகராதியைத் திறந்தால் சட்டை என்றும் இருக்கிறது, மார்க்கவசம் என்றும் இருக்கிறது. நோட்டில் எதை எழுதிக்கொள்வது?

பதில்: ஏடுபார்ப்பவர்

உடம்பை ஒட்டி முதலில் போடுவது கித்தோன். அதன்மேல் சுற்றிப் போர்த்திக்கொள்வது ஹிமாத்தியோன். இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நீளம், துணி, கை எல்லாம் காலத்துக்குக் காலம் மாறின. உடம்பில் அதற்குரிய இடம் மாறவில்லை. 'உள்ளாடை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கித்தோன் ஒன்றோடு வெளியே நடமாடியவர்கள் உண்டு, இன்றைய உள்ளாடையோடு அப்படிப் போக முடியாது.

மத்தேயுவின் அந்த வசனத்தை லூக்கா 6:29-க்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அழகாக விளங்கும். மத்தேயுவில் நடப்பது வழக்கு. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரவில் அவன் போர்த்திப் படுக்க அது ஒன்றுதான் உண்டு என்று யாத்திராகமம் 22:26-27 சொல்கிறது. அதனால் வழக்காடுகிறவன் உள்ளே இருக்கும் கித்தோனைக் கேட்கிறான். போர்வையையும் விட்டுவிடு என்கிறார் இயேசு. லூக்காவில் வழக்கு இல்லை, பறிப்புதான். பறிப்பவன் கையில் முதலில் சிக்குவது மேலே இருப்பது, ஆகவே அங்கே ஹிமாத்தியோன் முதலில், கித்தோன் அப்புறம். இரண்டையும் வஸ்திரம், அங்கி என்று படித்தால் இந்த நுட்பம் கைநழுவிப் போகிறது. தமிழ் பைபிளின் பொது மொழிபெயர்ப்பில் அங்கி, மேலுடை என்று பிரித்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

பதில்: களிமண் பலகை

சொல்லின் வயதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தைப் படித்துக் காட்டினாரே, அந்தக் கிரீட் தீவுப் பலகைகளிலேயே 'கி-தோ' இருக்கிறது, மெல்லிய ஆளிநார்த் துணி (லினன்) என்ற குறிப்போடு. இலியட் பாடிய ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்தைய அரண்மனைக் கணக்கு அது. வேர் கிரேக்கம் அல்ல, எபிரெயம் சேர்ந்த செமித்திய மொழிக் குடும்பத்தில் இருந்து வந்தது. அதே குடும்பத்துப் பழைய மொழியான அக்காதியத்தில் 'கிதூ' என்றால் ஆளிநார்த் துணி. எபிரெயத்தில் 'குத்தோனெத்'. யோசேப்பின் பலவருண அங்கி நினைவிருக்கிறதா? எபிரெயத்தில் அது குத்தோனெத், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கித்தோன். ஒரே சொல்லின் இரண்டு கிளைகள் அங்கே சந்தித்துக்கொள்கின்றன. லத்தீன் 'துனிகா'வும் இதே குடும்பம் என்பது மொழியியலார் பலரின் கருத்து.

கேட்டவர்: மாலைநேர மாணவி

நன்றி ஐயா. மத்தேயு, லூக்கா வேறுபாடு இன்றுதான் புரிந்தது. தைத்த சட்டை இல்லை என்றால் அதை எப்படிப் போட்டார்கள்? தோளில் எப்படி நிற்கும்?

பதில்: தறிவீட்டுப் பெண்

வீட்டில் எட்டு முழ வேட்டி இருக்கிறதா அக்கா? இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து வளையமாக்குங்கள். உள்ளே நுழைந்து கைகளை விரித்துக்கொண்டு, கழுத்துக்கு இடம் விட்டு, மேல் விளிம்பை முன்னும் பின்னுமாகப் பிடித்துத் தோளில் இருந்து முழங்கை வரை இடைவெளி விட்டு விட்டு ஊக்குக் குத்துங்கள். இடுப்பில் ஒரு நாடா. நான் தம்பிக்குச் செய்து பார்த்தேன். கையைத் தொங்கவிட்டதும் துணி மடிந்து மடிந்து சட்டைக்கை போலவே விழுந்தது, ஊக்குகளுக்கு நடுவே தோல் கண் கண்ணாகத் தெரிந்தது. அயோனியப் பாணிக் கித்தோன் இதுதான், சிலைகளில் அந்த மடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பளித் துணியை மேலே மடித்துவிட்டு, தோளுக்கு ஒரு பெரிய ஊசி குத்தினால் அது பெப்லோஸ். ஹோமரில் பெண்களுக்குப் பெப்லோஸ், கித்தோன் ஆண்களுக்கு. பிறகுதான் இருபாலரும் கித்தோன் உடுத்தினார்கள்.

பதில்: ஏடுபார்ப்பவர்

தங்கை சொன்ன பெரிய ஊசிக்கு ஒரு கொடிய கதை உண்டு. ஏகினா தீவுப் படையெடுப்பில் தப்பி வந்த ஒரே ஆளைச் சூழ்ந்துகொண்டு, "என் புருஷன் எங்கே?" என்று கேட்டுக் கேட்டு ஏதென்ஸ் பெண்கள் உடை ஊசியாலேயே குத்திக் கொன்றார்களாம். அதனால்தான் அந்தப் பெரிய ஊசி தேவைப்படாத ஆளிநார்க் கித்தோனுக்கு அவர்களை மாற்றினார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

அகராதியில் நீங்கள் பார்த்த கவசத்துக்கும் இடம் சொல்லிவிடுகிறேன். இலியடில் அக்காயர்களுக்கு, அதாவது கிரேக்கர்களுக்கு, 'வெண்கலக் கித்தோன் அணிந்தவர்கள்' என்றே அடைமொழி. மூன்றாம் பாடலில் டிராய் இளவரசன் ஹெக்டர் தன் தம்பி பாரிஸைத் திட்டும்போது, டிராய் மக்களுக்குத் துணிவிருந்தால் இதற்குள் நீ கல்லால் ஆன கித்தோன் உடுத்தியிருப்பாய் என்கிறான். கல்லெறிந்து கொன்றிருப்பார்கள் என்று பொருள். இன்றைய கிரேக்கத்தில் கண்ணின் விழிவெண்படலத்துக்கும் விழித்திரைக்கும்கூடப் பெயரில் 'கித்தோனாஸ்' உண்டு.

கேட்டவர்: மாலைநேர மாணவி

கித்தோனுக்கு 'அங்கி', ஹிமாத்தியோனுக்கு 'போர்வை' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மத்தேயு 5:40-க்குப் பக்கத்தில் யாத்திராகமம் 22:26 என்று பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டேன். வேட்டியை நாளைக்குத் தைக்கிறேன்.